வயிறு மந்தம் என்றால் முதலில் யாரிடம் போவது?

சாப்பிட்ட அரை மணி நேரத்தில் வயிறு உப்பிக்கொள்கிறது. வழக்கமாக நாலு இட்லி சாப்பிடுகிறவருக்கு இரண்டிலேயே போதும் போதும் என்றாகிவிடுகிறது. ராத்திரி படுத்தால் புளித்த ஏப்பம், நெஞ்சுக் கரிப்பு. ஒரு வாரம், இரண்டு வாரம் என்றால் யாரும் கண்டுகொள்வதில்லை. மூன்று மாதம் ஆன பிறகு வீட்டில் பேச்சு தொடங்குகிறது. "இது அக்னி மந்தம். ஒரு நல்ல ஆயுர்வேத வைத்தியரைப் பாருப்பா" என்பார் பெரியப்பா. "அதெல்லாம் வேண்டாம், கேஸ்ட்ரோ டாக்டர்கிட்ட போய் எண்டோஸ்கோப்பி எடுத்துடு" என்பாள் அக்கா. இதற்கு நடுவில் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் அமிலத்தை அடக்கும் பான்டோப்ரசோல் மாத்திரையை அட்டை அட்டையாக வாங்கி விழுங்கியாகிவிட்டது.

இந்த மூன்றில் எதைப் பிடிப்பது என்று குழம்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே ஏதாவது கெட்டிருக்கிறதா என்று கண்டுபிடிக்கிற வேலை இன்றைய மருத்துவத்துடையது. அதை வேறு யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது. பெரிதாக எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு, எப்போது சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது, எந்த மனநிலையில் சாப்பிடுவது என்ற அன்றாடக் கேள்விகளுக்கு ஆயுர்வேதம் வைத்திருக்கும் பதில்களில் பல இன்றும் உதவுகின்றன. இந்த வரிசை மாறினால் நாள் வீணாகும். சில சமயம் உயிரே போகும்.

அக்னியின் கணக்கு

ஆயுர்வேதத்தின் மூல நூல்களில் ஒன்றான சரக சம்ஹிதையில், சிகிச்சா ஸ்தானம் என்ற பகுதியின் 15ஆம் அத்தியாயம் கிரகணி என்ற செரிமான நோயைப் பற்றியது. செரிமானம் பற்றிய ஆயுர்வேதக் கருத்துகளில் முக்கியமானவை அங்கே இருக்கின்றன. ஆயுள், பலம், நிறம், உற்சாகம் எல்லாமே அக்னியைப் பொறுத்தவை என்று அது தொடங்குகிறது. பானையில் அரிசியும் தண்ணீரும் போட்டு அடியில் நெருப்பு வைத்தால் சோறு வேகிறது இல்லையா, அப்படித்தான் வயிற்றுக்குள் விழுந்த அன்னத்தை அக்னி வேகவைக்கிறது என்பது அங்கே வரும் உவமை. அக்னிகள் மொத்தம் 13. வயிற்றில் ஜாடராக்னி ஒன்று, ஐம்பூதங்களுக்கு ஐந்து, உடலைக் கட்டும் ஏழு தாதுக்களுக்கு ஏழு. இவற்றில் ஜாடராக்னிதான் தலை. அது சரியாக எரிந்தால் மற்றவை சரியாக எரியும்.

அந்த அக்னி நான்கு நிலைகளில் இருக்கலாம். அளவாகச் சாப்பிட்டது நேரத்துக்குச் செரித்தால் சமாக்னி. ஒரு நாள் நன்றாகச் செரித்து மறுநாள் உப்புசமும் வலியுமாக இழுத்தடித்தால் விஷமாக்னி, அது வாதம் மிகுந்தவர்களுக்கு. எவ்வளவு போட்டாலும் எரித்துவிட்டுத் தொண்டை வறட்சியையும் எரிச்சலையும் தந்தால் தீக்ஷ்ணாக்னி, அது பித்தம். கொஞ்சம் சாப்பிட்டாலும் கனமாக உட்கார்ந்துகொண்டால் மந்தாக்னி, அது கபம். அக்னி குறைந்து அரைகுறையாக வெந்த உணவு 'ஆமம்' ஆகிறது, ஆமம் உடலெங்கும் பரவி நோய்களுக்கு வித்தாகிறது என்பது ஆயுர்வேதத்தின் அடுத்த படி.

நமக்கு இது அந்நியமான சிந்தனை இல்லை. "தீயள வன்றித் தெரியான் பெரிதுண்ணின் நோயள வின்றிப் படும்" என்று 947ஆம் குறள் சொல்கிற தீ இந்தத் தீதான். சித்த மருத்துவமும் வாதம், பித்தம், கபம், ஏழு தாதுக்கள் என்ற சட்டகத்தில்தான் பேசுகிறது. அதனால் இங்கே ஆயுர்வேதத்தைப் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி சித்தத்துக்கும் பொருந்தும்.

நன்றாகப் படித்த ஒரு வைத்தியர் முன்னால் உட்கார்ந்து பார்த்தால் இந்தச் சட்டகம் எப்படி வேலை செய்கிறது என்பது புரியும். ஏப்பத்தில் சாப்பிட்ட சாம்பாரின் வாசனை எத்தனை மணி நேரம் கழித்தும் வருகிறது என்று கேட்பார். காலையில் பல் விளக்கும் முன் நாக்கில் மாவு படிந்திருக்கிறதா என்று பார்ப்பார். பசி தானாக வருகிறதா, மணியைப் பார்த்துச் சாப்பிடுகிறீர்களா? சாப்பிட்டதும் தூக்கம் வருகிறதா? மலம் தண்ணீரில் மிதக்கிறதா, மூழ்குகிறதா? வேலையில் என்ன நெருக்கடி, ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? அரை மணி நேரம் இப்படிப் போகும். முன்பு சாப்பிட்டது செரித்துவிட்டது என்பதற்கு நூல்கள் தரும் அடையாளங்கள்: சுத்தமான ஏப்பம், உற்சாகம், மலமும் சிறுநீரும் தடையில்லாமல் போதல், உடல் லேசாக இருத்தல், பசி, தாகம். எந்தக் கருவியும் வேண்டாம், எவரும் தன்னிடமே பார்த்துக்கொள்ளலாம்.

உடலியலின் கணக்கு

இன்றைய உடலியலில் நெருப்பு கிடையாது, சாறுகளும் நரம்புகளும் தசைகளும்தான். ஒரு நாளில் குடிக்கும் தண்ணீர், உமிழ்நீர், இரைப்பைச் சாறு, கணையச் சாறு, பித்தநீர் எல்லாம் சேர்த்து 8 முதல் 9 லிட்டர் திரவம் நம் குடலுக்குள் போகிறது. அதில் மலத்தோடு வெளியே வருவது 100 முதல் 200 மில்லிதான். மீதி முழுவதையும் குடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. எனக்கு இது எத்தனை தடவை படித்தாலும் ஆச்சரியம் குறையாத விஷயம்.

வாயில் உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் மாவுச்சத்தை உடைக்க ஆரம்பிக்கிறது. இரைப்பை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுரந்து புரதத்தைப் பெப்சினால் வெட்டுகிறது. பிறகு கணைய நீரிலுள்ள பைகார்பனேட் அந்த அமிலத்தைச் சமன்செய்கிறது, பித்தநீர் கொழுப்பைச் சிறு துளிகளாக்குகிறது, சிறுகுடல் உறிஞ்சுகிறது. பெருங்குடலில் தண்ணீர் வற்றுகிறது, பாக்டீரியாக்கள் நார்ச்சத்தைப் புளிக்கவைத்து வாயுவையும் சில கொழுப்பு அமிலங்களையும் தருகின்றன.

இந்த அறிவு நேரடியாகக் கண்ணால் பார்த்துச் சேர்ந்தது. 1822இல் அமெரிக்காவின் மாக்கினா தீவில் அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கூலித் தொழிலாளியின் வயிற்றில் துப்பாக்கி வெடித்து ஓட்டை விழுந்தது. ஆள் பிழைத்தார், ஓட்டை மூடவில்லை. அவருக்குச் சிகிச்சை செய்த ராணுவ மருத்துவர் வில்லியம் போமண்ட், இறைச்சித் துண்டைப் பட்டு நூலில் கட்டி அந்த ஓட்டை வழியாக உள்ளே விட்டு, நேரம் பார்த்து வெளியே இழுத்து, எவ்வளவு கரைந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டார். 1833இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். ஒரு ஏழைத் தொழிலாளியின் உடலை அப்படிப் பயன்படுத்தியது இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் ஒப்புக்கொள்ளாத காரியம். ஆனாலும் இரைப்பைச் சாறு ரசாயனமாக வேலை செய்கிறது என்ற வாதத்தை அது உறுதிப்படுத்தியது.

இரண்டும் கிட்டே வரும் இடங்கள்

போமண்ட் கவனித்ததில் இன்னொன்று, அந்த மனிதர் கோபப்பட்டால் செரிமானம் கெட்டது என்பது. சரக சம்ஹிதையின் விமான ஸ்தானம் என்ற பகுதி இதைத்தான் சொல்கிறது: அளவாகச் சாப்பிட்ட நல்ல உணவுகூட, கவலை, துக்கம், பயம், கோபம், சரியில்லாத படுக்கை, கண்விழிப்பு இவற்றால் செரிக்காது. இன்றைக்குக் குடலுக்கென்றே ஒரு நரம்பு மண்டலம் இருப்பதும், அது மூளையோடு வேகஸ் நரம்பு வழியாக இடைவிடாமல் பேசிக்கொண்டிருப்பதும் தெரியும். இங்கே ஆயுர்வேதத்தின் கவனிப்பு சரியாகவே இருக்கிறது.

அடுத்தது நேரம். முன்பு உண்டது செரித்த பிறகே சாப்பிடு என்பது சரகரின் விதி. பிற்கால நூல்கள் அதைக் கணக்காகவே சொல்கின்றன: ஒரு யாமத்துக்குள் மறுபடி சாப்பிடாதே, இரண்டு யாமத்தைத் தாண்டவிடாதே. ஒரு யாமம் 3 மணி நேரம். உடலியல் என்ன சொல்கிறது? ஒரு சாதாரண திட உணவு இரைப்பையை விட்டு வெளியேற ஏறக்குறைய 4 மணி நேரம் ஆகிறது. ஸ்கேன் வைத்துப் பார்க்கும் சோதனையில் 4 மணி நேரம் கழித்தும் பத்து சதவீதத்துக்கு மேல் மிச்சமிருந்தால் தாமதம் என்று எழுதுவார்கள். காலியான பிறகு 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வலுவான சுருக்க அலை இரைப்பையிலிருந்து சிறுகுடலின் கடைசி வரை ஓடி, மிச்சம்மீதியைப் பெருக்கித் தள்ளுகிறது. எதையாவது சாப்பிட்டவுடன் அந்த அலை நின்றுவிடும். பதினோரு மணிக்கு வடை, நாலு மணிக்கு முறுக்கு, நடுவில் இரண்டு காபி என்று ஓயாமல் கொறிப்பவர்களுக்கு இரண்டு முறைகளும் சொல்வது ஒன்றுதான்.

கிரகணி என்ற உறுப்பைப் பற்றிய வர்ணனையும் கவனிக்கத்தக்கது. தொப்புளுக்கு மேலே இருக்கிறது, வேகாத உணவைப் பிடித்துவைக்கிறது, வெந்ததை விடுகிறது. இரைப்பையின் கீழ்வாயான பைலோரஸும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது. திட உணவு ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கும் சிறிய துணுக்காக அரைபடும் வரை அதைப் பெரும்பாலும் உள்ளேயே நிறுத்திவைக்கும். அதேபோல உணவு முதலில் இனிப்பு நிலையும், நடுவில் புளிப்பு நிலையும், கடைசியில் பெருங்குடலில் வற்றிக் கட்டியாகி வாயுவை உண்டாக்கும் கார நிலையும் அடைகிறது என்ற ஆயுர்வேதப் பகுப்பு, வாய், இரைப்பை, பெருங்குடல் மூன்றில் நடப்பதோடு பொருந்திப்போகிறது. கண்ணால் பார்க்க வழியில்லாத காலத்தில் ஏப்பத்தையும் வாந்தியையும் மலத்தையும் வைத்தே இவ்வளவு தூரம் போனவர்கள்மீது எனக்கு மிகுந்த மரியாதை.

பகலில் கனமாக, இரவில் லேசாக என்பதும் சரிதான். மாலையில் திட உணவு இரைப்பையை விட்டு மெதுவாகவே நகர்கிறது, ரத்தச் சர்க்கரையைச் சமாளிக்கும் திறனும் குறைகிறது. சாப்பிட்டவுடன் படுத்தால் அமிலம் மேலேறுகிறது. எதுக்களிப்பு உள்ளவர்களிடம் படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுங்கள் என்று இன்றைய மருத்துவரும் சொல்வார்.

ஒத்துப்போகாத இடங்கள்

இவ்வளவு ஒற்றுமையைப் பார்த்ததும் பலர் அவசரப்பட்டு, அக்னி என்றால் என்சைம், ஆமம் என்றால் நச்சு, பித்தம் என்றால் அமிலம் என்று கோடு போட்டு இணைத்துவிடுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கும், முடிவெடுக்க உதவாது. ஆமம் என்று ஒரு பொருளை இதுவரை யாரும் ரத்தத்திலிருந்தோ குடலிலிருந்தோ பிரித்தெடுத்து அளந்து காட்டியதில்லை. 'உடம்பில் ஆமம் சேர்ந்திருக்கிறது, வெளியேற்ற வேண்டும்' என்று யாராவது விலை உயர்ந்த சிகிச்சைக்கு அழைத்தால், சேர்ந்ததையோ வெளியேறியதையோ நிரூபிக்க வழியில்லை என்பதை மனதில் வையுங்கள்.

உணவின் சாரம் போகும் வழியில் முரண்பாடு இன்னும் பெரிது. ரசம் ரத்தமாகி, ரத்தம் மாமிசமாகி, மாமிசம் கொழுப்பாகி, எலும்பாகி, மஜ்ஜையாகி, கடைசியில் சுக்கிலமாகிறது, அதாவது விந்தாகிறது என்பது ஆயுர்வேதம். இந்தப் படிக்கட்டு உடலில் கிடையாது. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குப் போகின்றன, கொழுப்பில் பெரும்பகுதி நிணநீர் வழியாக ரத்தத்தில் கலக்கிறது. அங்கிருந்து எலும்பும் தசையும் மூளையும் ஒரே சமயத்தில் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கின்றன. இது ஏட்டுச் சண்டை அல்ல. சுக்கிலம் எல்லாத் தாதுக்களின் கடைசிச் சாரம் என்ற நம்பிக்கையால்தான் நம் ஊர் இளைஞர்கள் சொப்பன ஸ்கலிதத்துக்குப் பயந்து லாட்ஜ் வைத்தியர்களிடம் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

மலத்தைப் பற்றிய கேள்வியையும் எடுத்துக்கொள்வோம். சரகர் சொல்வது: ஆமம் கலந்த மலம் கனத்தால் தண்ணீரில் மூழ்கும், நன்றாகச் செரித்தது மிதக்கும். மிகவும் நீர்த்துப்போயிருந்தால், இறுகியிருந்தால், குளிர்ச்சியோ கபமோ சேர்ந்திருந்தால் இது பொருந்தாது என்று விதிவிலக்கும் தருகிறார். உடலியலில் மிதப்பதற்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே சிக்கிய வாயு. 1972இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மிதக்கும் மலத்தின் வாயுவை அழுத்தி வெளியேற்றிக் காட்டினார்கள், அது மூழ்கிவிட்டது. அதைவிட முக்கியம், வெளிறி, எண்ணெய்ப் பசையோடு, கடும் நாற்றத்தோடு, கழுவினால் போகாமல் ஒட்டிக்கொள்ளும் மலம் கொழுப்பு செரிக்காததற்கு அடையாளம். கணையக் கோளாறாக இருக்கலாம். அப்படி ஒருவர், 'மிதக்கிறது, அதனால் நல்லபடியாகச் செரிக்கிறது' என்று திருப்திப்பட்டால் நோயை விட்டுவிடுவார். இந்த இடத்தில் இரண்டில் ஒன்றைத்தான் நம்ப முடியும்.

தயிரை இரவில் சாப்பிடக்கூடாது என்பது சரகர் விதி. நம் வீடுகளில் ராத்திரி தயிர் சாதம் சாப்பிட்டே தலைமுறைகள் வளர்ந்திருக்கின்றன. அதற்கு உடலியலில் தடை ஏதும் இல்லை. மீனும் பாலும் சேர்ந்தால் வெண்புள்ளி வரும் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக்கூடாது, நெருப்பு அணைந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருமே, அது இரண்டு பக்கமும் சேராதது. உணவுக்கு முன்னால் குடிப்பவர் இளைப்பார், நடுவில் குடிப்பவர் சமநிலையில் இருப்பார், கடைசியில் குடிப்பவர் பெருப்பார் என்று அஷ்டாங்க ஹிருதயம் என்ற ஆயுர்வேத நூலே சொல்கிறது. அதாவது இடையிடையே குடிப்பதை அது ஆதரிக்கிறது. உடலியலிலும் தண்ணீர் இரைப்பையை விட்டுச் சீக்கிரமாக நகர்ந்துவிடும், அமிலச் சுரப்பு தன்னைச் சரிசெய்துகொள்ளும். தாகம் எடுத்தால் தயங்காமல் குடிக்கலாம்.

தப்பாகப் போகும்போது

இதுவரை சொன்னது கருத்துகளின் ஒப்பீடு. முடிவை மாற்றுவது, ஒவ்வொரு வழியும் எதைத் தவறவிடும் என்பதுதான்.

இரைப்பைப் புண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயுர்வேதத்துக்கு அது பித்தத்தின் மிகுதி. ஐம்பது வருடம் முன்பு அலோபதி மருத்துவரைக் கேட்டிருந்தாலும் டென்ஷன், காரம், அமிலம் என்றுதான் சொல்லியிருப்பார். ஆஸ்திரேலியாவில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைக் காட்டினார்கள். மற்றவர்கள் நம்பாததால் 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்கு மூச்சுப் பரிசோதனையிலோ எண்டோஸ்கோப்பியிலோ அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து, பெரும்பாலும் இரண்டு வார ஆன்டிபயாட்டிக்கோடு ஒழிக்கலாம். அது நீண்ட நாள் இருந்தால் இரைப்பைப் புற்றுநோய்க்கும் வழிவிடும், நம் நாட்டில் மிகப் பரவலாகவும் இருக்கிறது. நாடி பிடித்தும் நாக்கைப் பார்த்தும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. தன் தவறைத் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ள வழி வைத்திருப்பதால்தான் நோயறியும் வேலைக்கு உடலியலை முன்னால் நிறுத்துகிறேன்.

இதைவிடப் பயப்பட வேண்டியது 'கேஸ்'. மேல்வயிற்றில் அழுத்தம், வியர்வை, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, நாலு படி ஏறினால் அதிகமாகிறது. "கேஸ்தான், ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்" என்று படுக்கவைத்துவிடுகிறார்கள். மாரடைப்பு நம் வீடுகளில் இப்படித்தான் கையைவிட்டுப் போகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலியே தெரியாமல் வெறும் அஜீரணம் போலவும் வரலாம். முதலில் ஈசிஜி. அக்னியா அமிலமா என்ற விவாதம் அதற்கு அப்புறம்.

நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டிய மற்ற அறிகுறிகள்: காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கும்போது சிக்குவது, தார் மாதிரி கருப்பு மலம், ரத்த வாந்தி, ரத்தசோகை, மஞ்சள் காமாலை, விடாத வாந்தி, வயிற்றில் தட்டுப்படும் கட்டி. ஐம்பத்தைந்து அறுபது வயதுக்கு மேல் முதல் தடவையாக இந்தத் தொந்தரவு ஆரம்பித்தாலும் அப்படியே. இவற்றில் ஒன்று இருந்தாலும் சூரணத்தைத் தொடாதீர்கள், ஆசிட் மாத்திரையையும் சொந்தமாகத் தொடராதீர்கள். இரண்டுமே வலியை அமுக்கி நாளைக் கடத்திவிடும்.

எண்டோஸ்கோப்பி என்றால் பலருக்குப் பயம். ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறு, தொண்டையில் மரத்துப்போகும் ஸ்பிரே, இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் சுண்டுவிரல் தடிமனில், கேமரா வைத்த குழாய் வாய் வழியாக இரைப்பைக்குள் போகும். பத்து நிமிடத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். குமட்டும், வலி அதிகம் இருக்காது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள்.

சரி, செய்தாயிற்று. 'எல்லாம் நார்மல்' என்று ரிப்போர்ட் வருகிறது. அஜீரணத்துக்காக எண்டோஸ்கோப்பி செய்துகொள்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இதுதான் வரும். ஆனால் வயிறு மட்டும் அப்படியே இருக்கிறது. இதற்குச் செயல்பாட்டு அஜீரணம் (functional dyspepsia) என்று பெயர். இரைப்பையின் மேல்பகுதி உணவுக்கு இடம்கொடுத்து விரியாமல் இருப்பது, சாதாரண விரிவையே வலியாக உணரும் நரம்புகள், காலியாவதில் தாமதம் எனக் காரணங்கள் கலந்து இருக்கும். மருந்துகள் ஓரளவுக்குத்தான் கேட்கின்றன. மூன்று நிமிடத்தில் அனுப்பிவிடும் அவுட்பேஷன்ட் பிரிவில், 'ஒண்ணுமில்ல, டென்ஷனைக் குறைங்க' என்ற வாக்கியத்தோடு முடிந்துவிடுகிறது. இந்த இடத்தில்தான் நல்ல வைத்தியரின் அரை மணி நேரம் பயன்படுகிறது. மந்தாக்னிக்கு அவர் சொல்லும் லேசான சூடான உணவு, அரை வயிற்றுக்குத் திடம், கால் வயிற்றுக்குத் திரவம், கால் வயிறு காலி என்ற அஷ்டாங்க ஹிருதய அளவு, அவசரமில்லாமல் கவனத்தோடு சாப்பிடுவது, இரவு சீக்கிரம் முடிப்பது எல்லாம் விரிய மறுக்கிற ஒரு இரைப்பைக்கு உடலியல்படியும் ஏற்றவையே. சிறு சிறு அளவாக, கொழுப்பைக் குறைத்துச் சாப்பிடுங்கள் என்பதுதான் இரைப்பை நிபுணரின் ஆலோசனையும்.

மருந்து என்று வந்தால்

ஹிங்வாஷ்டக சூரணம் எளிமையானது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமத்தின் இனமான ஒன்று, இந்துப்பு, சீரகம், கருஞ்சீரகம், பெருங்காயம் என எட்டுப் பொருட்கள். முதல் கவளச் சோற்றில் நெய்யோடு பிசைந்து சாப்பிடச் சொல்வார்கள். இதன் பெரும்பகுதி நம் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது. இஞ்சி இரைப்பை காலியாவதை விரைவுபடுத்துகிறது என்று சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உப்புசத்துக்குச் சில வாரம் முயன்று பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நெஞ்சுக் கரிப்பு உள்ளவர்களுக்கு இந்தக் காரமே அதைக் கூட்டலாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் கணக்கில் வைக்க வேண்டும்.

நெஞ்சுக் கரிப்புக்குக் கொடுக்கும் அவிபத்திகர சூரணத்தில் பாரம்பரியக் கணக்குப்படி பாதி சர்க்கரை, மூன்றில் ஒரு பங்கு சிவதை என்ற பேதி மருந்து. சர்க்கரை நோயாளி இதைத் தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கக் கூடாது. அதிமதுரம் அதிக நாள் போனால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். உலோகங்களையும் தாதுப்பொருட்களையும் புடம்போட்டுச் செய்யும் பற்பம், செந்தூரம் பக்கம் நான் யாரையும் போகச் சொல்ல மாட்டேன். பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய, தெற்காசியாவில் தயாரான 70 ஆயுர்வேதப் பொருட்களைப் பரிசோதித்து 2004இல் வெளிவந்த ஆய்வில், 14 பொருட்களில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. பழைய நூல்களில் உள்ள முறைப்படி, அதே நோய்க்காகத் தயாரிக்கும் மருந்துக்கு நம் நாட்டில் பொதுவாகப் புதிதாக மனிதப் பரிசோதனை கேட்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதனால் லேபிளில் உட்பொருள் பட்டியலும் உரிம எண்ணும் இல்லாத, கையில் பொட்டலம் கட்டித்தரும் எதையும் வாங்காதீர்கள்.

பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல் வகை மாத்திரைகள் அமிலத்தை உண்மையிலேயே அடக்குகின்றன. புண்ணையும் உணவுக்குழாய் அழற்சியையும் அவை ஆற்றுவது போல எந்தச் சூரணமும் ஆற்றியதாகக் காட்டப்படவில்லை. சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். சாப்பிட்ட பிறகு போட்டால் பலன் குறையும். பிரச்சினை என்னவென்றால், எட்டு வாரத்துக்கு எழுதியதை எட்டு வருடம் விழுங்குகிறார்கள். நீண்ட நாள் போனால் பி12, மெக்னீசியம் குறையலாம். திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிடக் கூடுதலாகச் சுரந்து, மாத்திரை இல்லாமல் முடியாது என்று தோன்றவைக்கும். சில வாரத்தில் அது அடங்கிவிடும். வெறும் உப்புசத்துக்கும் மந்தத்துக்கும் இந்த மாத்திரை பெரிதாக உதவாது. வாயுவுக்காக இதை வாங்குகிறவர்கள் தவறான மருந்தை வாங்குகிறார்கள்.

நான் சொல்லும் வரிசை

மேலே சொன்ன ஆபத்து அறிகுறி இருந்தால் இரைப்பை நிபுணர், அதுவும் இந்த வாரமே. இல்லாவிட்டால் முதலில் ஒரு எம்பிபிஎஸ் டாக்டரிடம் போய் ரத்த அளவு, கல்லீரல், சர்க்கரை, தைராய்டு பார்த்து, ஹெலிகோபாக்டர் பரிசோதனையும் கேளுங்கள். அதற்கு முன் இரண்டு வாரம் பான்டோப்ரசோல் வகையையும், நான்கு வாரம் ஆன்டிபயாட்டிக்கையும் டாக்டரைக் கேட்டு நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். பாலும் காபியும் குடித்தால் மட்டும் உப்புகிறதா என்று கவனியுங்கள். லாக்டோஸ் செரிக்காத உடல்வாகு நம் மக்களிடம் ஏராளம், அதற்கு மருந்தே வேண்டாம். நாற்பது வயதைத் தாண்டியவர், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர், சர்க்கரை உள்ளவர் என்றால் ஈசிஜியும் சேர்த்து.

இவை சரியாக இருந்தால், பிஏஎம்எஸ் என்ற ஆயுர்வேதப் பட்டம் படித்துப் பதிவுபெற்ற வைத்தியரிடம் தாராளமாகப் போகலாம். நாலு முதல் எட்டு வாரம் கொடுத்துப் பாருங்கள். உணவு நேரத்தையும் அளவையும் பற்றிப் பேசாமல் முதல் நாளே ஆறு மருந்து எழுதுகிறவரும், அலோபதி மாத்திரையை எல்லாம் உடனே தூக்கிப்போடச் சொல்கிறவரும் வேண்டாம். எட்டு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் மறுபடியும் இரைப்பை நிபுணர்தான், இம்முறை எண்டோஸ்கோப்பிக்கு.

எந்த வாசலுக்குப் போனாலும் இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எப்போது பசித்தது, எப்போது உப்பியது, எத்தனை மணிக்குப் படுத்தீர்கள். வைத்தியர் கேட்பதும் இதுதான், டாக்டருக்கு மூன்று நிமிடத்தில் உதவப்போவதும் இதுதான். சாப்பிடும் சூரணம், லேகியம், கஷாயம் எல்லாவற்றின் டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் டாக்டரின் மேஜையில் வையுங்கள், மாத்திரை அட்டைகளை வைத்தியரிடம் காட்டுங்கள். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம் அளவு ஏறியிருந்தால் டாக்டர் முதலில் தேட வேண்டியது அந்தப் பைக்குள்தான்.